ஒரு கையால் திறப்பது

முதலில் என் கழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடது காதுக்குக் கீழே தொடங்கித் தொண்டைக்குழி வரை ஒரு கோடு ஓடுகிறது. சுடிதார் போட்டாலும் புடவை கட்டினாலும் அது மறைவதில்லை. யாராவது கேட்டால் கம்பெனி ஐடி கார்டு நாடா அறுத்தது என்பேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

ஒரகடத்தில் கார்களுக்குத் தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன். பிரஸ் மெஷின் தகட்டின் மேல் இறங்கும்போது தரை குதிக்கும். அடித்த தகட்டை எடுத்து அடுத்த மெஷினில் வைப்பது ஒரு ரோபோ கை. அந்தக் கை நின்றால் லைன் நிற்கும். அதை மறுபடி ஓட வைப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அம்மா வேறொரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறாள். கையெழுத்து கேட்டால் இன்றும் கைநாட்டுதான். அப்பா செத்தாரா ஓடினாரா என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்வாள். தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் நான் மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தபோது எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அம்மா மட்டும் விடாமல் பழகிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ரோபோ கையைப் பொருத்த ஜெர்மனியிலிருந்து ஓர் என்ஜினியர் வந்திருந்தார். அவருக்கு உதவியாக என்னைப் போட்டிருந்தார்கள். அவருடைய பெல்ட்டில் எப்போதும் ஒரு மல்டி டூல் தொங்கும். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விரித்தால் குறடு, ஸ்க்ரூடிரைவர், அரம், ஒரு கத்தி. கத்தியின் முதுகில் கட்டைவிரல் வைக்க ஓர் ஓட்டை உண்டு. மற்றதையெல்லாம் விரிக்க இரண்டு கை வேண்டும்; கத்தியை மட்டும் ஒரு கையாலேயே தள்ளித் திறந்துவிடலாம். திறந்ததும் டக்கென்று பூட்டிக்கொள்ளும். கேபிளைச் சீவும்போது மடங்கி விரலை வெட்டிவிடாமல் இருக்க அந்தப் பூட்டு.

ஊருக்குக் கிளம்பும் நாளில் அதை எனக்குக் கொடுக்கக் கையை நீட்டினார். நான் வாங்காமல் மேசையைக் காட்டினேன். பரிசு பிடிக்கவில்லையோ என்று அவர் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் வீட்டில் கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மணை எதையும் கைக்குக் கை கொடுப்பதில்லை. கீழே வைக்க வேண்டும். மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பது அம்மாவின் கட்சி. கேன்டீனில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கத்தியை நீட்டினாள் என்று அம்மா அவள் புறங்கையில் அடித்தே விட்டாள். இதை அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கப் பார்த்து முடியாமல் விட்டேன். அவர் மேசைமேல் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடமே அது என் உயிரைக் காப்பாற்றியது.

எங்கள் கம்பெனி பஸ் மெயின் ரோட்டு வளைவில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வடக்குப்பட்டுப் பக்கம் எங்கள் வீட்டுக்கு ஒரு மண் பாதை. ஒரு பக்கம் மூடிக் கிடக்கும் கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர், இன்னொரு பக்கம் விற்காத மனைகள். ஒப்பந்த ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிற ஒருவன், வேன் இல்லாத நேரத்தில் பைக்கில் என் பின்னால் வர ஆரம்பித்தான்.

"இன்னா மேடம், நம்மகிட்டலாம் பேச மாட்டியா? மெஷின்கிட்டதான் பேசுவியா?"

"மெஷினுக்கு வாய் நாறாது" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே போனான். அதோடு விட்டது என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலை, ராத்திரி ஓடும் மூன்றாவது ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தேன். வெயில் ஏறிவிட்டது. பின்னால் பைக் சத்தம் நின்றது. திரும்புவதற்குள் என் ஐடி கார்டு நாடாவைப் பின்னாலிருந்து பிடித்துத் தன் முஷ்டியில் சுற்றி முறுக்கிவிட்டான். எங்கள் லைனில் மெஷினுக்குப் பக்கத்தில் போனால் அந்த நாடாவைக் கழற்றிவிட வேண்டும் என்று விதி. மாட்டிக்கொண்டால் அறுந்து விடும் வகை இல்லை அது. இழுத்தான். குதிகால்கள் மண்ணில் கோடு போட்டன. இடது கை விரல்களை நாடாவுக்கும் தொண்டைக்கும் நடுவில் சொருகியிருந்தேன். அவற்றை எடுத்திருந்தால் அங்கேயே முடிந்திருப்பேன். கத்த முடியவில்லை. காதுக்குள் பிரஸ் அடிப்பதுபோல் இருந்தது. "வாய் நாறுதா, வாய் நாறுதா" என்று காதோரம் கேட்டுக்கொண்டே சுவர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

வலது கை மட்டும் என்னுடையதாக இருந்தது. அது பாக்கெட்டுக்குள் போயிற்று. கட்டைவிரல் ஓட்டையைக் கண்டுபிடித்தது. டக்.

நாடாவைத்தான் அறுக்க நினைத்தேன். கத்தி அவன் முஷ்டியில் இறங்கிவிட்டது. எலும்பில் பட்டு அது நின்றதை என் மணிக்கட்டு உணர்ந்தது. இழுத்து மறுபடி வெட்டினேன். விரல்கள் பிரிந்தன. நாடா தளர்ந்தது. மூச்சு உள்ளே வந்தது. அதற்குப் பிறகு வெட்டத் தேவையில்லை. ஆனாலும் திரும்பி நின்று, அவன் மறைத்துக்கொண்ட கையிலேயே இன்னொரு முறை வெட்டினேன். சுண்டுவிரல் தோலில் தொங்கியது. அவன் போட்ட சத்தத்தில் ஆண் குரல் இல்லை. பைக்கை விட்டுவிட்டு மனைக்கற்களில் தடுக்கித் தடுக்கி ஓடினான். கத்தி பூட்டியபடியே இருந்தது. பூட்டு இல்லாத கத்தியாக இருந்தால் முதல் எலும்பிலேயே மடங்கி என் விரலைத்தான் நறுக்கியிருக்கும்.

போலீஸ் ஸ்டேஷனில் என் கழுத்தையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "ரோபோவ ரிப்பேர் பண்றியாமே? நல்லாத்தான் ரிப்பேர் பண்ணிகீற" என்றார் ஒருவர். இன்னொருவர் கத்தியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். "எடுத்துக்கோ மா. பொம்பளப் புள்ளைங்க எல்லாம் இப்டி ஒண்ணு வெச்சிக்கினு போகணும்." பிறகு அவன் ஆட்கள் சமாதானம் பேச வீட்டுக்கு வந்தார்கள். கை போச்சு, கல்யாணம் ஆக வேண்டிய பையன் என்றார்கள். அம்மா அடுப்பிலிருந்த கரண்டியோடு வெளியே வந்தாள். "ஒரு கைதானே போச்சு, இன்னொரு கை எங்க?" என்று கேட்டாள். முன்னால் நின்றவர் தோளில் சூடாக ஒன்று விழுந்தது. அவர்கள் மறுபடி வரவில்லை.

அதற்குப் பிறகு கத்தி இல்லாமல் நான் வெளியே போனதில்லை. வலது பாக்கெட், கட்டைவிரல் பக்கம் ஓட்டை. நாடாவைக் கழுத்தில் மாட்டுவதையும் விட்டுவிட்டேன்.

ஜெர்மனியில் ரோபோ செய்யும் கம்பெனியில் சில வாரப் பயிற்சிக்கு எங்கள் தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். நான் ஒருத்தி. மற்றவன் படப்பையில் நான்கு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தவன். ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். லைனில் எல்லோரும் திருநெல்வேலிக்காரன் என்றுதான் கூப்பிடுவோம். அது வேறு ஜில்லா என்று ஒவ்வொரு முறையும் சண்டை பிடிப்பான். மேனேஜர் எங்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: ஷிப்ட் இன்சார்ஜ் இடம் ஒன்று காலி. பயிற்சியை முழுதாக முடித்து, அதில் யார் மார்க் அதிகமோ அவருக்கு அது. எங்கள் தொழிற்சாலையில் அந்த இடத்தில் ஒரு பெண் அதுவரை நின்றதில்லை. நான் நிற்கப் போகிறேன் என்று அம்மா ஷேர் ஆட்டோவில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"கத்தியப் பெரிய பெட்டில போடு புள்ள. கைப்பையில வச்சன்னா மீனம்பாக்கத்துலயே உக்கார வச்சிருவானுவ" என்றான் அவன்.

"தெரியும்டா. நான் என்ன உன்ன மாதிரி மொளகாப்பொடியக் கையில தூக்கினு வரேனா?"

"மொளகாப்பொடி சாப்பாட்டுக்கு. நீ கத்திய வச்சி என்ன தோசையா திருப்பப் போற?"

பெட்டியில் போட்டேன். போய் இறங்கியதும் விமான நிலையக் கழிப்பறையிலேயே பெட்டியைத் திறந்து பாக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டேன். அந்த ஊர்ச் சட்டம் என்ன என்று யோசிக்கவே இல்லை. அந்த ஊர்க்காரர் கொடுத்த கத்தி, அந்த ஊரில் செய்தது. அதற்கு அங்கே என்ன தடை இருக்கப் போகிறது.

முதல் இரண்டு பரீட்சையிலும் எனக்குத்தான் மார்க் அதிகம். அவன் அதைப் பற்றிப் புலம்பவில்லை. "எழுத்துல நீ எடுத்திருவ. செய்முறையில பாரு" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பக்கத்துப் பெரிய ஊருக்குப் போனோம். அந்த ஊரின் ரயில் நிலைய வாசலில் ஒரு பலகை. கத்தி, துப்பாக்கி, தடி எல்லாம் படமாகப் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு. பார்த்தேன். ரவுடிகளுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே நடந்தேன். உள்ளே போலீஸ்காரர்கள் இரண்டு பேர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், போகிற வருகிறவர்களை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களையும் நிறுத்தினார்கள். அந்தப் பெண் கையுறை மாட்டிக்கொண்டு, கூர்மையாக ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் பயப்படவில்லை. இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே எடுத்தேன். சின்னக் கத்திதான் என்று காட்ட வேண்டும் என்று தோன்றியது. கட்டைவிரலால் தள்ளினேன். டக்.

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆண் போலீஸ் ஏதோ கத்தினான். அவள் ஒரு கையை முன்னால் நீட்டினாள். நிறுத்து என்பதற்காக நீட்டியிருக்க வேண்டும். கொடு என்று கேட்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். கத்தியைக் கையில் கொடுக்கலாமா? கீழே வைப்பதற்காகக் குனிந்தேன்.

திறந்த கத்தியோடு ஒருத்தி தன் கால் பக்கம் குனிவதை அந்தப் பெண் எப்படிப் பார்த்திருப்பாள் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. ஆண் போலீஸ் பக்கவாட்டில் வந்து விழுந்தான். என் மணிக்கட்டு பின்னால் போயிற்று. தோளுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறியது. முகம் தரையில் மோதிய சத்தத்தை வலிக்கு முன்னால் கேட்டேன். முதுகெலும்பில் முட்டி. வாயில் ரத்தமும் ஒரு பல்லின் துண்டும். அதைத் துப்பக்கூடத் தலையைத் திருப்ப முடியவில்லை. மண் பாதையில் பிடித்துக்கொண்டவனிடம் இருந்த அளவு பலம் இவனிடமும் இருந்தது. ஆனால் இந்த முறை இரண்டு கையையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

"ஏ, விடுல அவள. பொம்பளப் புள்ளல அது" என்று திருநெல்வேலிக்காரன் தமிழில் கத்திக்கொண்டு வந்தான். அவனைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினார்கள். அவன் நெற்றி கண்ணாடியில் மோதியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தவர் கையில் பொட்டலத்தோடு அப்படியே நின்றார்.

நிலையத்துக்குள்ளேயே போலீஸ் அறை இருந்தது. உள்ளே போனதும் அவர்கள் குரல் தாழ்ந்துவிட்டது. என் தோளை ஒரு மருத்துவர் வந்து பார்த்தார். வாயில் பஞ்சு வைத்தார்கள். அந்தப் பெண் போலீஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். கத்தி மேசைமேல் பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. திருநெல்வேலிக்காரனைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் கதவு திறந்தே இருந்தது. முதலில் அவனைத்தான் கேட்டார்கள், அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். இவள் இதை எதற்கு வைத்திருக்கிறாள்?

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எனக்காகப் பேச வாய்ப்புக் கிடைத்துவிட்டது என்று அவன் முதுகிலேயே தெரிந்தது.

"சார், ஷீ வெரி குட் கேர்ள்" என்று ஆரம்பித்தான்.

நான் நல்ல பெண், படித்த பெண், யாருடைய வம்புக்கும் போகாதவள் என்றான். இந்தக் கத்தி பாதுகாப்புக்கு மட்டும்தான் என்றான். பாதுகாப்புக்கு என்ற சொல்லை இரண்டு முறை அழுத்திச் சொன்னான். எங்கள் ஊரில் ஒரு ரவுடி இவளைப் பிடித்தான், இவள் இதே கத்தியால் அவன் கையை வெட்டினாள் என்றான். எப்படி வெட்டினேன் என்று தன் முஷ்டியை மூடிக் காட்டினான். எங்கள் போலீஸ்கூடப் பாராட்டினார்கள் என்று முடித்தான். ஊரில் ஸ்டேஷனில் இப்படி ஒருவர் சொன்னால் அதற்கு மேல் ஒரு நற்சான்று தேவையில்லை. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு போலீசும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். தொலைபேசியை மேசை நடுவில் வைத்து ஒலியைக் கூட்டினாள். தமிழ்க் குரல் ஒன்று வந்தது. ஈழத்துப் பெண்மணி, வயதானவர்.

"வணக்கம் தங்கச்சி. அவை கேக்கிறதை நான் தமிழில சொல்லுவன். நீங்கள் சொல்லுறதை அவைக்குச் சொல்லுவன். கூட்டியும் சொல்ல மாட்டன், குறைச்சும் சொல்ல மாட்டன். விளங்குதோ?"

விளங்கியது. அந்தத் தமிழைக் கேட்டதும்தான் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தகுந்த காரணம் இல்லாமல் வெளியே கொண்டுபோவது இங்கே குற்றம் என்று அந்த அம்மா மொழிபெயர்த்தார். ரயில் நிலையத்துக்குள் எந்தக் கத்தியுமே கூடாது, பூட்டிய பெட்டியில் அடைத்து எடுத்துப் போனால் மட்டும் விடுவார்கள். தொழிலுக்கு வேண்டிய கருவி என்றால் அது காரணம். உங்கள் தொழில் என்ன?

மெஷின் பழுது பார்ப்பது என்றேன். பெண் போலீஸ் தலையசைத்தாள். அவள் கண்ணில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. இந்தக் கருவியை வேலைக்கு வைத்திருக்கிறேன், வேலைக்கே கொடுக்கப்பட்டது, ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைக்க மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். அதில் முக்கால்வாசி உண்மையும்கூட.

"தங்கச்சி, உங்களோட வந்த தம்பி சொல்லுறார், இதை நீங்கள் பாதுகாப்புக்கு வச்சிருக்கிறியள் எண்டு. இதாலை ஒரு ஆளை வெட்டினனீங்கள் எண்டும் சொல்லுறார். அது உண்மையோ, இல்லாட்டி வேலைக்குத்தானோ எண்டு கேக்கினம்."

நான் அந்த அம்மாவிடமே கேட்டேன். "நான் எதைச் சொன்னா விடுவாங்கம்மா?"

"அதை நான் சொல்லிக் குடுக்கேலாது, பிள்ளை. நீங்கள் கேட்டதையும் நான் இப்ப அவைக்குச் சொல்ல வேணும்." போலீசிடம் அதையும் சொன்னார்.

திறந்த கதவு வழியாக அவனைப் பார்த்தேன். நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். தான் என்ன செய்துவிட்டான் என்று அந்தத் தடியனுக்கு இன்னும் தெரியவில்லை. வேலைக்கு என்று சொன்னால் அவன் பொய் சொன்னதாக ஆகும், அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் அந்த மண் பாதை நடக்கவில்லை என்று ஆகும். ஒருவன் என்னை நாயைப் போல இழுத்துப் போனதும், நான் அவன் எலும்பு வரை அறுத்து என் மூச்சைத் திரும்ப வாங்கியதும் இல்லை என்று என் வாயாலேயே சொன்னதாகும். பஞ்சு அடைத்த வாயோடு, வழக்கானால் பயிற்சியும் இன்சார்ஜ் இடமும் போகும் என்று தெரிந்தே சொன்னேன்.

"உண்மைதாம்மா. வேலைக்கும் எடுப்பேன். ஆனா பாக்கெட்ல இருக்கிறது பாதுகாப்புக்குத்தான். பயத்துக்கு."

அவர் மொழிபெயர்த்தார். பெண் போலீஸ் என் கழுத்தைப் பார்த்தாள். கோட்டின் மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பிறகு மெதுவாக ஏதோ சொன்னாள்.

"அவ சொல்லுறா, தனக்கு விளங்குதாம். ஆனா இங்கை பயம் ஒரு காரணமில்லையாம், தங்கச்சி. பயமெண்டா தங்களைக் கூப்பிட வேணுமாம்."

வழக்கு எழுதிக்கொண்டார்கள். கத்தி அவர்களிடமே நின்றுவிட்டது. தாக்க வந்ததாக எழுதவில்லை. கீழே வைக்கக் குனிந்தேன் என்று நான் சொன்னதையும் அந்த அம்மா ஒரு சொல் குறையாமல் சொல்லியிருந்தார்.

வெளியே வந்தோம். வாசல் படியில் அவன், "என்ன புள்ள, விட்டுட்டானுவல்லா? நான் பேசுனதக் கேட்டியா?" என்றான்.

நல்ல கையால் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"இங்க அடிச்சாலும் கேஸ் போடுவானுவ புள்ள" என்றான்.

இன்னொன்று கொடுத்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் போய் மாத்திச் சொல்லுதேன். பொய் சொன்னேன்னு சொல்லுதேன்."

"நீ வாயே தொறக்காத."

திங்கட்கிழமை அந்தக் கம்பெனி வாசலில் என் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. போலீஸ் வழக்கு உள்ளவர் ஆலைக்குள் வரக் கூடாதாம். ஒரகடத்திலிருந்து எச்ஆர் பேசினார். டிக்கெட் போட்டாயிற்று என்றார். தோளில் கட்டோடு தனியாகத் திரும்பி வந்தேன். அம்மா என் வாயைத் திறக்கச் சொல்லி உடைந்த பல்லைப் பார்த்தாள்.

"அந்த போலீச நீ ஒண்ணும் பண்ணலியா?"

"ரெண்டு கையும் பின்னால இருந்துச்சிம்மா."

"வாய்னு ஒண்ணு கீதே" என்றாள். கடித்திருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

தோள் ஆறும்வரை வீட்டில் உட்கார்ந்து, வெளிநாடுகளில் இதற்கெல்லாம் என்ன சட்டம் என்று படித்தேன். இங்கிலாந்தில் பூட்டு இல்லாத, மூன்று அங்குலத்துக்குள் அடங்கும் மடக்குக் கத்தியை வைத்துக்கொள்ளலாம். பூட்டு இருந்தால் காரணம் சொல்ல வேண்டும். ஜப்பானில் ஆறு சென்டிமீட்டர் தாண்டினால் காரணம் வேண்டும். அதைவிடச் சின்னதாக இருந்தாலும் ஒளித்து வைத்திருந்தால் பிடிக்கலாம். நம் ஊர்ச் சட்டம் ஒன்பது அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம் என்று அரிவாள் கணக்கிலேயே யோசிக்கிறது. என் கத்தி அதன் கண்ணிலேயே படாது. அந்த நாடுகளில் கத்தி எவ்வளவு சீக்கிரம் கைக்கு வருமோ அவ்வளவு குற்றம். எனக்கு அது எவ்வளவு சீக்கிரம் கைக்கு வந்ததோ அவ்வளவு உயிர். அவர்கள் சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த ரயில் நிலையத்தில் சின்னப் பெண்கள் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு, பின்னால் யார் வருகிறார்கள் என்று ஒரு முறைகூடத் திரும்பாமல் நடந்தார்கள். அப்படி நடக்க முடிந்தவர்களிடம் எதற்குக் கத்தி என்று கேட்கலாம்.

வேலைக்குத் திரும்பிய அன்று எச்ஆர் கூப்பிட்டார்.

"வேலைக்கு வெச்சிருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்மா. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன்னு எழுதிக் குடு, நான் அங்க பேசறேன். அடுத்த பேட்ச்ல உன்ன மறுபடி அனுப்பப் பார்க்கலாம்."

"பஸ்ஸ எங்க வூட்டுப் பாதை வரைக்கும் விடச் சொல்லுங்க சார். அப்புறம் எழுதித் தரேன்."

"அது டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மென்ட் மா."

"அப்ப இது என் கழுத்து சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

பஸ் இன்றும் வளைவில்தான் நிற்கிறது. அதற்குள் வேறொரு கத்தி வாங்கிவிட்டேன்.

திருநெல்வேலிக்காரன் பயிற்சியை முடித்து வந்தான். இன்சார்ஜ் ஆனான். என்னை அவன் ஷிப்டிலேயே போட்டார்கள். முதல் நாள் இன்சார்ஜ் போடும் வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டு வந்தவன், என் பக்கம் பார்க்காமலே எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தான். அம்மா ஷேர் ஆட்டோவில் இப்போது என்ன சொல்கிறாள் என்று நான் கேட்பதில்லை.

அந்த வாரமே ரோபோ கை தகட்டைப் பிடித்தபடி பாதியில் நின்றது. பிரஸ் அடிக்கும் சத்தம் நின்றதும் லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் கன்ட்ரோல் பலகைக்கு ஓடினான். ஒன்றை அழுத்தினான், இன்னொன்றை அழுத்தினான். கை அசையவில்லை. மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். எனக்கு அந்தப் பிழை தெரியும். ஜெர்மன் என்ஜினியரோடு நின்றபோது பார்த்திருக்கிறேன். அவன் என்னைப் பார்த்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு என் இடத்திலேயே நின்றேன்.

இரண்டாம் முறையும் பார்த்தான். நான் அசையவில்லை.

மேனேஜர் வந்து நின்ற பிறகு, லைனில் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏ புள்ள, எனக்கு ஓடல. நீ வந்து பாரு" என்றான்.

போனேன்.